துண்டுக்குள் குதிரை

புரொஜெக்டர் வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் காரிமங்கலத்தில் கூட்டிய கூட்டம், கரண்ட் போய்விட்டதால் மதியத்தோடு கலைந்தது. சனிக்கிழமையில் பாதி நாள் இனாமாகக் கையில் விழுந்தால் யாருக்கும் தலைகால் புரியாது. பூவிழிக்குச் சுத்தமாகப் புரியவில்லை. அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். வேலைக்கு வந்து ஒரு வருஷம், கல்யாணமாகி ஆறு மாசம், தனிக்குடித்தனம் வைத்து இரண்டு வாரம். அந்த வீட்டில் எதை வைத்தாலும் பழசாக இருக்க வேண்டும் என்பது அவளுடைய புது ஆசை.

"மேடம், ஒரே ஒரு கடை. சந்தை ரோட்டுலதான். பத்து நிமிஷத்துல வந்துடலாம்."

மேடம் என்பது தலைமையாசிரியை நிர்மலாதேவி. அவள் பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினால் வேப்ப மரத்துக் காக்காய்கூட வரிசையில் உட்காரும் என்று பையன்கள் பேசிக்கொள்வார்கள். அவள் சிரித்துப் பார்த்ததாக ஊரில் யாரும் சொன்னதில்லை. சொன்னாலும் நம்ப ஆள் கிடைக்காது.

"பழைய சாமான் வாங்கப் போறது நீ. நான் எதுக்கு?"

"நீங்க பக்கத்துல நின்னாப் போதும் மேடம். விலை தானா எறங்கிடும்."

இது புகழ்ச்சியா கேலியா என்று யோசித்து முடிப்பதற்குள் பூவிழி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாதி ரோட்டைத் தாண்டிவிட்டாள். தலைமையாசிரியையின் கையைப் பிடித்து இழுக்கிற தைரியம் அரைநாள் லீவுக்குத்தான் வரும்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. முன்னே கடலை எண்ணெய் ஆட்டிய மில் கொட்டகை அது. தரையில் இன்னும் பிண்ணாக்கு வாசனை போகவில்லை. உள்ளே கால் வைக்க இடமில்லாமல் சாமான்கள். சிம்னி விளக்குகள் ஒரு மூலையில் தலைகீழாகத் தொங்கின. முறுக்குப் பிடி, தேங்காய்த் துருவி, கீல் விட்டுப்போன ட்ரங்குப் பெட்டி, முடிவெட்டும் நாற்காலி, பெரிய காதுகள் வைத்த ரேடியோ. ஒரு கல்யாண மண்டபத்தின் 'நல்வரவு' வளைவில் 'வு' மட்டும் தனியாக வந்து சுவரில் சாய்ந்திருந்தது. பூவிழி ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ஐயோ' போட்டாள். ரேடியோவுக்கு ஐயோ. நாற்காலிக்கு ஐயோ. துருப்பிடித்த எலிப்பொறிக்குக்கூட ஒரு செல்ல ஐயோ.

கடைக்காரர் பச்சியப்பன் முப்பது வருஷம் மாட்டுத் தரகராக இருந்தவர். டிராக்டர் வந்து மாடு குறைந்ததும் பழைய சாமானுக்கு மாறினார். தொழில்தான் மாறியது, யாவாரம் செய்கிற விதம் மாறவில்லை. எந்தச் சாமானிலும் விலைச்சீட்டு கிடையாது. யார் விலை கேட்டாலும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து உதறுவார். அந்தத் துண்டுக்குள்ளே இவர் கையும் வாங்குகிறவர் கையும் போகும். பேச்செல்லாம் விரலில்தான். நூறிலா ஆயிரத்திலா என்பதை மட்டும் முதலில் வாயால் சொல்லிக்கொள்வார்கள். ஒரு விரலை அழுத்தினால் ஒன்று, மொத்தக் கையையும் பிடித்தால் ஐந்து. கையை உருவிக்கொண்டால் கட்டுப்படியாகவில்லை என்று அர்த்தம். உள்ளங்கையில் தட்டிவிட்டால் முடிந்தது. அப்புறம் சாமியே வந்தாலும் மாற்ற முடியாது. சந்தையில் சுற்றி நிற்கிற நூறு பேருக்கு விலை தெரியக் கூடாது என்று வந்த பழக்கம். கடையில் ஈ எறும்பு இல்லாத நேரத்திலும் அவர் துண்டு போட்டுத்தான் விலை சொன்னார்.

பெண்கள் வந்தால் துண்டுக்குள் கையை விடுவது அவர் மனைவி ராமக்கா. பச்சியப்பன் பக்கத்தில் நின்று வாயால் கூவுவார்.

"அவரு வாயிலே வர்றதெல்லாம் சும்மாங்க," என்றாள் ராமக்கா, துண்டைப் பூவிழியின் கைமேல் போட்டுக்கொண்டே. "வாய் எத்தினி வேணா சொல்லும். துண்டுக்குள்ள மட்டும் பொய் கெடையாது."

பூவிழி பிடித்திருந்தது ஒரு பித்தளைப் பாத்திரம். அகலமான வாய், குறுகின இடுப்பு, கீழே வட்டமான பாதம். "ஹால்ல வெச்சு, தண்ணி ஊத்தி, அதுல அரளிப்பூ மெதக்கவிடப் போறேன் மேடம்! மாமியார் வந்தா அப்படியே அசந்துடுவாங்க!"

நிச்சயம் அசந்துவிடுவார். நிர்மலாதேவிக்கு அந்தப் பாத்திரத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்தக் காலத்துப் பெரியவர்கள் வெற்றிலை போட்டுவிட்டு எச்சில் துப்புகிற படிக்கம் அது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தவள், பூவிழியின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். வாயை மூடினாலும் சிரிப்பு மூக்கு வழியாக வரப் பார்த்தது. இருமுவது போல நடித்துக்கொண்டு கொட்டகையின் பின்வாசலுக்கு நகர்ந்தாள். பின்னால் பச்சியப்பனின் குரல் கேட்டது. "ஐயாயிரத்துக்குக் கேட்டாங்க, நான் குடுக்கல!" துண்டுக்குள் விலை சில நூறில் நிற்க, பூவிழி கிச்சுகிச்சு மூட்டியது போலச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பின்வாசலைத் தாண்டினால் ஒரு களம். களத்தின் நடுவில் ஒரு புளியமரம். மரத்தின் தாழ்ந்த கிளையிலிருந்து டிராக்டர் சங்கிலியில் ஒரு குதிரை தொங்கியது.

திருவிழாக்களில் வரும் குடை ராட்டினத்தின் மரக்குதிரை. வெள்ளைப் பெயிண்ட் அங்கங்கே உரிந்து உள்ளே போன வருஷத்து நீலமும் அதற்கு முந்தின மஞ்சளும் தெரிந்தன. ஒரு காது இல்லை. சேணம் சிவப்பு. நான்கு காலும் பாய்கிற பாய்ச்சலில் இருந்தன. வாயோ எல்லாப் பல்லும் தெரிய ஒரே சிரிப்பு. வேண்டாத ஜோக்கைக் கேட்டுவிட்டு வகுப்பில் அடக்க முடியாமல் சிரிக்கிற கடைசி பெஞ்சுப் பையன் போல அது நிர்மலாதேவியைப் பார்த்தது.

அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. வேறு எப்படிச் சொல்வது? ஐம்பத்து நான்கு வயதில், நீல ஓரம் வைத்த காட்டன் புடவையில், கழுத்தில் அடையாள அட்டையோடு நின்ற ஒரு பொம்பளைக்கு அந்தக் குதிரை வேண்டும். இப்போதே வேண்டும். அதில் ஏறவேண்டும்.

காரணம் இல்லாமல் இல்லை. சின்ன வயதில் வருஷா வருஷம் தீர்த்தமலைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போவார்கள். ஐந்து பிள்ளைகளில் அவள் மூத்தவள். செருப்போடு ஏறினால் குதிரைக்குப் பெயிண்ட் போய்விடும் என்று ராட்டினக்காரர் சத்தம் போடுவார். தம்பி தங்கைகள் நாலு பேரும் செருப்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு ஏறிவிடுவார்கள். "நீ பெரியவ, செருப்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அம்மா பொரி வாங்கப் போய்விடுவாள். அவர்கள் இறங்கும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். இப்படியே அவள் தாவணி போடுகிற வயதுக்கு வந்துவிட்டாள். அதற்கப்புறம் குதிரைமேல் காலைப் போட்டு உட்காருகிற பேச்சே இல்லை. இதை நினைத்து அவள் ஒன்றும் அழுததில்லை. ஒரு ஜோடிச் செருப்புகூடத் தொலைந்ததில்லை என்று அவளுக்குப் பெருமைகூட உண்டு. ஆனால் சுற்றிவரும்போது தங்கையின் முகம் எப்படி இருக்கும் என்பது இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரிகிறது.

அதியமான்கோட்டையில் அவள் கட்டிய வீட்டின் ஹாலில் ஊஞ்சலுக்கென்று கான்கிரீட்டில் கொக்கி வைத்திருந்தார்கள். ஊஞ்சல் வரவேயில்லை. வீட்டுக்காரர் அங்கே கொடி கட்டி லுங்கி காயப்போட்டு வந்தார். நிர்மலாதேவி மனசுக்குள் லுங்கியை எடுத்து மடித்து வைத்துவிட்டு அந்தக் கொக்கியில் குதிரையை மாட்டியும் பார்த்துவிட்டாள். சரியாக இருந்தது.

மெதுவாகப் போய் அதன் மூக்கைத் தொட்டாள். குதிரை லேசாகத் திரும்பியது.

"பல்லப் புடிச்சுப் பாக்கறீங்களா?" என்றது பின்னால் ஒரு குரல். ராமக்கா. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "நல்ல வயசுக் குதிரைங்க. தேக்கு. எனக்குப் பிடிச்ச சாமான், அதான் உள்ள வெக்காம இங்க தொங்கவிட்டிருக்கேன்."

"இது... எவ்வளவுங்க?" நிர்மலாதேவியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"துண்டு எடுத்தாறன், இருங்க."

எல்லாம் அங்கேயே சுகமாக முடிந்திருக்கும். துண்டு வந்திருக்கும், விலை முடிந்திருக்கும், இருட்டினதும் யாருக்கும் தெரியாமல் குதிரை வீடு போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் ராமக்கா கொட்டகைக்குள் போன அதே நேரம் பக்கச் சந்து வழியாக ஒரு மரக் கட்டிலின் கால்களைத் தோளில் சுமந்துகொண்டு மாதையன் வந்தான்.

மாதையன் அவளிடம் படித்தவன். ஏழாம் வகுப்பில் அவளிடம் முட்டி போட்ட முட்டியோடுதான் இப்போதும் நடக்கிறான் என்று சொல்லிக்கொள்வான். இப்போது அவன் இரண்டு பிள்ளைகளும் அவள் பள்ளியில். பெற்றோர் கூட்டம் என்றால் முதல் ஆளாக வருவான், ஊர் விஷயம் என்றால் முதல் ஆளாகப் பரப்புவான். கெட்டவன் இல்லை, வாயில் பூட்டு இல்லாதவன்.

"டீச்சர்!" கட்டில் கால்கள் சடசடவென்று கீழே விழுந்தன. "நீங்க எங்கீங்க இங்க? குதிரைய வெல பேசறீங்களா? யாருக்குங்க டீச்சர்?"

நிர்மலாதேவியின் கை இன்னும் குதிரையின் மூக்கில் இருந்தது. எடுக்கவும் முடியவில்லை. எனக்கு என்ற சொல் தொண்டை வரை வந்தது. வந்த சொல் மாதையனின் முகத்தைப் பார்த்தது, அந்த முகத்துக்குப் பின்னால் நின்ற மொத்த ஊரையும் பார்த்தது, பயந்து திரும்பி ஓடிவிட்டது.

"பள்ளிக்கூடத்துக்கு," என்றாள்.

அவ்வளவுதான். மாதையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பள்ளிக்கூடத்துக்கா! எங்க பசங்களுக்கா!" அவன் கட்டிலை மறந்தான், உலகத்தை மறந்தான். செல்போனை எடுத்துக் காதில் வைத்தான். "தலைவரே, நம்ம பெரிய டீச்சர் பசங்களுக்குக் குதிரை வாங்கறாங்க! ஆமா குதிரை! உசுரு இல்லாததுதான்! மேளத்துக்குச் சொல்லுங்க! ஊருக்குள்ள ஊர்வலமா கொண்டாந்துருவோம்!"

"மாதையா, இரு, நான் இன்னும் வாங்கல..." என்றாள் அவள். யார் கேட்டார்கள்? அவன் அடுத்த நம்பருக்குப் போய்விட்டான். குட்டியானை வண்டிக்குச் சொன்னான். கரும்பு ஜூஸ் வண்டிக்காரனுக்கும் சொன்னான். எதற்கு என்று அவனுக்கே தெரியாது.

சத்தம் கேட்டுப் பூவிழி படிக்கத்தைக் குழந்தை போல இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் பச்சியப்பனும் ராமக்காவும். விஷயத்தைக் கேட்டதும் பூவிழி குதிக்கவே ஆரம்பித்தாள். "மேடம்! மூணாங்கிளாஸ் பக்கத்துல அந்த வேப்ப மரத்துல மாட்டிடலாம் மேடம்! வீடியோ எடுக்கறேன்! எல்லா ஸ்கூலும் பொறாமைப்படட்டும்!"

பச்சியப்பன் தோளில் இருந்து துண்டை எடுத்து உதறினார். முகமெல்லாம் பெருந்தன்மை. "பள்ளிக்கூடத்துக்குன்னா நான் என்னத்தக் காசு கேக்கறது? பச்சியப்பன் பேரு எழுதி வெச்சுக்குங்க, போதும்! இருவதாயிரம் பெறுமானமுள்ள குதிர! ஒரு வார்த்தைக்காக ஒத்த ஆயிரம் குடுங்க, ஓட்டிட்டுப் போங்க!"

நிர்மலாதேவி குதிரையைப் பார்த்தாள். அது எல்லாப் பல்லையும் காட்டிச் சிரித்துக்கொண்டே இருந்தது. இன்னும் அரைமணி நேரத்தில் அது மேளத்தோடு ஊர்வலம் போகும். நாளை மறுநாள் நூற்றுச்சொச்சம் பிள்ளைகள் அதில் ஏறுவார்கள். அவள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். தள்ளாதே, வரிசையில் வா, செருப்பை ஓரமாக வை. கடைசிவரை செருப்புக்குக் காவல்தான். பிள்ளைகள் ஏறுவதில் அவளுக்கு வருத்தமா? அப்படி யாராவது சொன்னால் அவள் பல்லை உடைப்பாள். ஆனால் ஒரு தடவை, ஒரே ஒரு பொருள், அவளுக்கென்று இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஆசை கழுத்தைப் பிடித்தது. ஆத்திரமாகக்கூட வந்தது, தன்மேலேயே.

"சும்மா வேண்டாம்," என்றாள் உறுதியாக. வகுப்பறைக் குரல் திரும்பியிருந்தது. "முறைப்படி துண்டு போட்டே பேசலாம்."

பச்சியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துண்டு ராமக்காவிடம் போனது. ராமக்கா அவள் வலது கையைப் பிடித்துத் துண்டால் மூடினாள். காய்ந்த, கெட்டியான, சூடான கை. "ஆயிரத்துல," என்றாள்.

"எளநி வெலைக்குக் குதிர!" என்று பக்கத்தில் கூவினார் பச்சியப்பன். "இப்படி ஒரு யாவாரம் காரிமங்கலமே பாத்ததில்ல!"

துண்டுக்குள் ராமக்கா அவள் சுண்டுவிரலை அழுத்தினாள். ஒன்று.

 துண்டுக்குள்ள மட்டும் பொய் கெடையாது என்று இந்தக் கைக்காரிதானே சொன்னாள்? பள்ளிக்கூடத்துக்கு என்றால் ஒன்று. பள்ளிக்கூடத்துக்கு இல்லையே. நிர்மலாதேவி ராமக்காவின் மொத்தக் கையையும் சேர்த்துப் பிடித்தாள். ஐந்து.

ராமக்காவின் புருவம் உயர்ந்தது. பாவம், டீச்சருக்குக் கணக்குத் தெரியவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். மறுபடி சுண்டுவிரலை அழுத்தினாள், குழந்தைக்குச் சொல்வது போல நிதானமாக. ஒன்று.

நிர்மலாதேவி மறுபடியும் மொத்தக் கையையும் பிடித்தாள். விட்டுவிட்டு இன்னொரு தடவை பிடித்தாள். ஐந்தும் ஐந்தும்.

எந்த மாட்டுச் சந்தையிலும் நடந்திராத காரியம் அந்தத் துண்டுக்குள் நடந்தது. விற்கிறவள் இறக்கப் பார்த்தாள், வாங்குகிறவள் ஏற்றிக்கொண்டே போனாள். வெளியே பார்த்தவர்களுக்குத் துண்டுதான் தெரிந்தது. உள்ளே இரண்டு எலிகள் சண்டை போடுவது போல அது துள்ளியது.

"என்னடி இவ்ளோ நேரம்? ஒத்த ஆயிரத்துக்கு என்ன பேச்சு?" என்றார் பச்சியப்பன்.

ராமக்கா அவரைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் அவள் நிர்மலாதேவியின் முகத்தைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். நிர்மலாதேவி கண்ணை விலக்கவில்லை. கையையும் விடவில்லை. பிடித்த பிடியில் விரலெல்லாம் வலித்தது. நன்கொடை கொடுக்கிறவர்கள் இப்படிப் பிடிக்க மாட்டார்கள். ராமக்காவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவள் உதட்டோரம் மெல்லக் கோணியது. சிரிப்பை அடக்குகிறாள். அதைப் பார்த்ததும் நிர்மலாதேவிக்கும் மூக்கு வழியாகப் பழைய சிரிப்பு கிளம்பியது.

ராமக்கா அவள் உள்ளங்கையில் பட்டென்று தட்டினாள். துண்டு விலகியது.

"யாவாரம் முடிஞ்சுது!"

"சபாஷ்!" என்று கைதட்டினான் மாதையன். "வண்டி வந்துட்டே இருக்குதுங்க டீச்சர். அவுத்துரலாமா?"

"நில்லுப்பா," என்றாள் ராமக்கா. "ஓட்டிப் பாக்காம எங்கூட்டு மாடு எதுவும் படி தாண்டினதில்ல. வாங்கறவங்க ஏறிப் பாக்கணும்."

"பள்ளிக்கூடத்துல பசங்க ஏறிப் பாத்துக்குவாங்க ஆயா."

"ஆயாவா? ஒன்ன விட ஆறேழு வயசு பெரியவளா இருப்பேன், அவ்ளோதான். எந்தக் கை வெல பேசுச்சோ அந்தக் கைதான் ஓட்டிப் பாக்கணும். ஒருத்தன் வெல பேசி இன்னொருத்தன் ஓட்டிப் பாத்த மாடு எங்கயாச்சும் உண்டா? இவரையே கேட்டுப் பாரு."

பச்சியப்பனால் மறுக்க முடியவில்லை. முப்பது வருஷமாக அவர் சொல்லி வந்த சட்டம் அது. "வாஸ்தவந்தான்," என்றார் தலையைச் சொறிந்துகொண்டு. "மேடம், ஒரு பேச்சுக்கு ஏறி உக்காந்துட்டு எறங்கிடுங்க. செருப்பு மட்டும் வேணாங்க. பெயிண்ட் போயிடும்."

நிர்மலாதேவி செருப்பைக் கழற்றினாள். கழற்றினவள், பழக்கம் எங்கே போகும், குனிந்து இரண்டையும் எடுத்து இடது கையில் பிடித்துக்கொண்டாள். ராமக்கா ஒரு கல்லை இழுத்துப் போட்டாள். அதன்மேல் ஏறி, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, ஒரு காலை அந்தப் பக்கம் போட்டு, தலைமையாசிரியை குதிரைமேல் உட்கார்ந்தாள். சங்கிலி கிறீச்சென்றது. கிளை ஒரு தடவை தாழ்ந்து நிமிர்ந்தது. கால் தரையில் படவில்லை.

பூவிழி வீடியோ எடுக்க மறந்து வாயைப் பிளந்து நின்றாள்.

"ஓட்டிக் காட்டறேன் பாருங்க," என்றார் பச்சியப்பன். மாட்டுத் தரகருக்கு ஓட்டிக் காட்டுவது என்றால் உயிர். குதிரையின் வாலைப் பிடித்து ஒரே பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார். சங்கிலி முறுக்கிக்கொண்டே போனது. நிர்மலாதேவி மேலே மேலே போனாள். "போதும்" என்று சொல்ல வேண்டிய நேரம் வந்தது. அவள் சொல்லவில்லை.

பச்சியப்பன் கையை விட்டார்.

களம் சுற்றியது. கொட்டகை ஓடியது, புளியமரம் ஓடியது, மாதையன் ஓடினான், பூவிழி ஓடினாள், சந்தை ரோடும் தூரத்து மலையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. அடையாள அட்டை கழுத்திலிருந்து நேராகக் கிளம்பிப் பறந்தது. கொண்டை அவிழ்ந்தது. வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று கிளம்பி வந்தது. அது சிரிப்பு என்று அவளுக்கு முதலில் தெரியவில்லை. வாயை விட்டு வெளியே வந்தபிறகுதான் தெரிந்தது. கொட்டகைக் கூரையில் இருந்த புறாக்கள் எழுந்து பறக்கிற அளவுக்கு அப்படி ஒரு சிரிப்பு.

"எனக்கு!" என்று கத்தினாள் நிர்மலாதேவி.

"என்னங்க டீச்சர்?"

"குதிரை எனக்கு மாதையா! பள்ளிக்கூடத்துக்கு இல்ல! பொய் சொன்னேன்! எனக்குத்தான்!"

குதிரை ஒரு சுற்று வந்து அவன் முகம் தெரிவதற்குள் அவன் வாய் திறந்திருந்தது. அடுத்த சுற்றிலும் அப்படியே திறந்திருந்தது.

"டீச்சர், மேளத்துக்குச் சொல்லிட்டேனுங்களே!"

"வரச் சொல்லு! எங்க வூட்டுக்கு வரச் சொல்லு!" வூடு என்று சொன்ன பிள்ளையை வீடு என்று நூறு தடவை எழுத வைத்தவள் அவள். "ஆயிரமில்ல, பத்தாயிரம் குடுக்கறேன்! கையில தட்டியாச்சு! இனி யாரும் மாத்த முடியாது!"

"பத்தா?" என்று மனைவியைப் பார்த்தார் பச்சியப்பன். ராமக்கா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது.

"பூவிழி!"

"மேடம்?"

"அது எச்சி துப்பற படிக்கம்!"

பூவிழி இடுப்பில் இருந்த பாத்திரத்தைப் பார்த்தாள். குதிரைமேல் பறக்கும் தலைமையாசிரியையைப் பார்த்தாள். "ஐயோ" என்றாள். ஆனால் அவளுக்கும் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. படிக்கத்தைக் கட்டிப்பிடித்தபடி ராமக்காவின் பக்கத்திலேயே சரிந்து உட்கார்ந்தாள்.

சங்கிலி முறுக்கு அவிழ்ந்து முடிந்து, எதிர்ப் பக்கம் கொஞ்சம் முறுக்கி, மெதுவாக நின்றது. உலகம் மட்டும் நிற்காமல் கொஞ்ச நேரம் சுற்றியது. நிர்மலாதேவிக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை, துடைக்கக் கை ஒழியவில்லை. ஒரு கை சங்கிலியில், ஒரு கையில் செருப்பு.

மாதையன் மெல்லப் பக்கத்தில் வந்தான். அவன் முகத்தில் கேலி இல்லை. ஏழாம் வகுப்பில் பதில் தெரியாமல் நிற்கும் முகம்தான் இருந்தது. "அப்போ, பசங்களுக்கு இல்லீங்களா டீச்சர்?"

"உண்டு. நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, எல்லாரையும் எங்க வூட்டுக்குக் கூட்டிட்டு வா. வரிசையில வரணும், தள்ளக் கூடாது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கப்புறந்தான்."

சந்து முனையில் குட்டியானை வண்டி வந்து ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால், யாரோ சொன்ன சொல்லை நம்பி வந்த மேளக்காரர்கள் ஒரு தடவை தட்டிப் பார்த்துச் சுருதி சேர்த்தார்கள். இறங்க வேண்டிய நேரம். எல்லோரும் அவள் இறங்குவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நிர்மலாதேவி இடது கையை நீட்டினாள். மாதையன் என்னவென்று தெரியாமல் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

"மாதையா, செருப்பப் பாத்துக்கோ," என்றாள். பிறகு இரண்டு கைகளாலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பச்சியப்பனைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னொரு சுத்து."